டீம் டார்கெட்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சார், திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுல ஷிப்ட் இன்சார்ஜ் நான். "லாரி டர்ன்-அரவுண்ட் நேரத்தைக் குறைங்க"ன்னு மேனேஜர் சொல்லிட்டுப் போயிட்டார். டீமுக்கு என்ன டார்கெட் கொடுக்கறது?

டார்கெட் கொஞ்சம் பொறுக்கட்டும். நேரம் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதை முதலில் எழுதி ஒட்டுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் நேரத்தை உங்கள் ஆட்களால் குறைக்க முடியாது. அதையும் சேர்த்தால் முதல் வாரமே "ரோட்டுல டிராஃபிக் சார்" என்று ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் மதிக்க மாட்டார்கள். கேட்-இன் சீட்டு முதல் கேட்-அவுட் சீட்டு வரைதான் உங்கள் கணக்கு.

இரண்டு வாரத்துக்கு யாரையும் எதுவும் கேட்காமல், ஒவ்வொரு வண்டிக்கும் நாலு நேரத்தை மட்டும் குறியுங்கள்: உள்ளே வந்தது, லோடிங் இடத்தில் நின்றது, பெட்டி ஏறியது, வெளியே போனது. எந்த இடைவெளி நீளம் என்று அதுவே காட்டிவிடும். பல யார்டுகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் நேரம் போகும். வேண்டிய பெட்டி அடியில் கிடக்கும், மேலே இருப்பதையெல்லாம் ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி) இறக்கி வைத்த பிறகுதான் அதை எடுக்க முடியும். உங்கள் யார்டிலும் அப்படி என்றால், "நேரத்தைக் குறை" என்பதை விட்டுவிட்டு இப்படிக் கொடுங்கள்: மறுநாள் டெலிவரி லிஸ்ட் மாலை 5 மணிக்குள் வரவேண்டும், அதில் 80 சதவீதப் பெட்டிகளை நைட் ஷிப்ட் மேலே எடுத்து வைத்திருக்க வேண்டும். இது அவர்கள் கையில் இருக்கும் வேலை. நேரம் தானாகக் குறையும்.

சராசரியை நம்பாதீர்கள். 10 வண்டியில் 8 வண்டி 50 நிமிஷத்தில் போய், 2 வண்டி 4 மணி நேரம் நின்றால் சராசரி 88 நிமிஷம். அந்த நாளில் எந்த வண்டிக்கும் 88 நிமிஷம் ஆகவில்லை. "10 வண்டிக்கு 9 வண்டி 75 நிமிஷத்துக்குள்" என்ற மாதிரி வையுங்கள், சிக்கி நிற்கிற வண்டி உடனே கண்ணில் படும். (75 என்பது உதாரணம். உங்கள் எண் அந்த இரண்டு வாரக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும்.)

காசிமேட்டுல ஐஸ் ஃபேக்டரி. வருஷ டார்கெட்டை 12 மாசத்துக்கும் சமமாப் பிரிச்சேன், மே மாசம் மொத்த டீமும் ஃபெயில்.

ஃபெயில் ஆனது டீம் இல்லை, நீங்கள் பிரித்த விதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த 61 நாளை விற்பனைக் கணக்கிலிருந்து தனியாக எடுத்து, பராமரிப்பு டார்கெட் வையுங்கள்: எத்தனை ஐஸ் கேன் (தண்ணீர் ஊற்றி உறைய வைக்கும் அச்சு) ஓட்டை அடைத்தாயிற்று, கண்டென்சர் உப்புப்படிவு எடுத்தாயிற்றா, கம்ப்ரசர் சர்வீஸ் எந்தத் தேதி. மீதி நாளிலும் புயல் எச்சரிக்கை வந்தால் படகு நிற்கும். அதனால் மாதத்துக்கு இத்தனை டன் என்று வைக்காமல், படகு கடலுக்குப் போன நாளுக்கு இத்தனை டன் என்று வையுங்கள்.

ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பதும் நல்ல அளவுதான், ஆனால் மே மாதத்தைப் பிப்ரவரியோடு ஒப்பிட வேண்டாம். உற்பத்தி குறைந்தாலும் பிரைன் டேங்கை (கேன்கள் நிற்கும் உப்புநீர்த் தொட்டி) குளிராகவே வைத்திருக்க வேண்டும், யூனிட் ஏறத்தான் செய்யும். போன வருஷ மே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மண்ணடியில கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சரக்குக்கு சுங்கத்துல தாக்கல் பண்ற படிவம்)னு வெச்சோம். 12 வருது, அமெண்ட்மென்ட்டும் கூடவே வருது.

வரத்தான் செய்யும். ஓர் அளவை டார்கெட் ஆக்கிய நிமிஷமே அது நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும் என்பார்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னதன் சாரம் அது. வேகத்தை எண்ணினால் பிழையையும் பக்கத்திலேயே எண்ண வேண்டும். 100 பில்லுக்கு எத்தனை திருத்தம், என்ன காரணம்: எச்எஸ் கோடு (சரக்கு வகையைக் குறிக்கும் சுங்க எண்), மதிப்பு, எடை, கிளையன்ட் தந்த தப்பான தாள். கடைசியைத் தனி வரிசையில் போடுங்கள், அதை ஊழியர் தலையில் கட்டக்கூடாது. இன்னொன்று: ஒரு ஐட்டம் உள்ள இன்வாய்ஸும் 40 ஐட்டம் உள்ளதும் ஒன்றாகாது. பில்லை எண்ணினால் எல்லாரும் சின்ன ஃபைலைத்தான் முதலில் தூக்குவார்கள், ஐட்டத்தை எண்ணுங்கள்.

ஓகேஆர், கேபிஐ எது நல்லது?

கேபிஐ (முக்கியச் செயல்திறன் அளவு) என்பது தினமும் பார்க்க வேண்டிய அளவு. ஓகேஆர் (நோக்கமும் அதன் முக்கிய முடிவுகளும்) இந்த மூன்று மாதத்தில் எதை மாற்றப் போகிறோம் என்பது. சிப் கம்பெனி இன்டெலில் ஆண்டி குரோவ் ஓகேஆரை 1970களில் உருவாக்கினார், ஜான் டோர் அதை 1999இல் கூகுளுக்குக் கொண்டு போனார். எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இந்தப் பெயர்களே தேவையில்லை.

வியாசர்பாடியில ஃபேப்ரிகேஷன் பட்டறைங்க. ரிஜெக்ஷன் 6லேருந்து 2 சதவீதத்துக்கு வந்தா போனஸ்னு சொன்னேன். ரெண்டே மாசத்துல வந்துடுச்சு. ஆனா கஸ்டமர் திருப்பி அனுப்பறது குறையவே இல்ல.

இன்ஸ்பெக்ஷனுக்குப் போவதற்கு முன்பே கோணல் வெல்டைக் கிரைண்டரில் தேய்த்து, மறுபடி வெல்ட் அடித்து அனுப்புகிறார்களா பாருங்கள். கிரைண்டிங் வீல் எத்தனை வாங்கினீர்கள் என்று ஸ்டோர் ரெஜிஸ்டரைப் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். ரிஜெக்ஷன் குறையவில்லை, ரீவொர்க்குக்குள் ஒளிந்துகொண்டது.

எண்ண வேண்டியது, கை வைக்காமல் முதல் முறையே சரியாக வந்த பீஸ். 100இல் 2 ரிஜெக்ட், 13 ரீவொர்க் என்றால் உங்கள் கணக்கு 85தான், 98 இல்லை. ரீவொர்க் பீஸில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், ஷிப்ட் முடிவில் கோட்டை எண்ணினால் போதும். போனஸை இரண்டு மாதம் இந்த எண்ணிலிருந்து பிரித்து வையுங்கள். காசு இருக்கும் வரை யாரும் கோடு போட மாட்டார்கள், அதற்காக அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

எக்ஸலா, போர்டா? எங்க டீம்ல பாதிப்பேர் எக்ஸலைத் திறக்கறதே இல்லீங்க.

அப்படியானால் போர்டுதான். நாலு பத்தி: தேதி, இலக்கு, நடந்தது, ஏன். மூன்று அளவுக்கு மேல் வேண்டாம். சூப்பர்வைசர் எழுதக் கூடாது, வேலை செய்தவரே எழுத வேண்டும். "ஏன்" பத்தியில் ஆள் பெயர் வரக்கூடாது. "முருகன் லேட்" என்று ஒரு நாள் எழுதினால் அடுத்த நாளிலிருந்து எல்லா வரியிலும் "ஓகே"தான் இருக்கும். "கேஸ் சிலிண்டர் 11 மணிக்குத்தான் வந்தது" என்று வரட்டும். ஷிப்ட் தொடக்கத்தில் போர்டுக்கு முன்னால் நின்றபடி 10 நிமிஷம். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு (இலக்கு எட்டவில்லை) என்றால் அன்றைக்கு உட்கார்ந்து பேசுங்கள்.

பாதி குவார்ட்டர்லயே டார்கெட் எட்டாதுன்னு தெரிஞ்சா மாத்தலாமா?

கணக்குப் போட்டபோது நம்பிய ஒன்று உடைந்திருந்தால் மாற்றலாம்: பெரிய கஸ்டமர் போய்விட்டார், மெஷின் ஒன்று ஒரு மாதம் நின்றது. வேலை சுணங்கியதால் மட்டும் என்றால் கூடாது. மாற்றினால் பழைய எண்ணை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புது எண், தேதி, காரணம் மூன்றையும் எழுதுங்கள்.