கார்டு கைக்கு வரவில்லை, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: ‘எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர் அமெரிக்கக் குடிமகன். ஜூன் கடைசியில், குடிமகனின் மனைவிக்கான சிஆர்1 குடியேற்ற விசாவில் டல்லாஸ் வந்தேன். கிரீன் கார்டு இன்னும் தபாலில் வரவில்லை. ஆவணியில் மதுரையில் தங்கை கல்யாணம். மூன்று வாரம் போய்வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா? அடுத்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் ஏழெட்டு மாதம் இருக்கலாமா?’

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போங்கள். வந்து இத்தனை நாள் கழித்துத்தான் வெளிநாடு போகலாம் என்று எந்த விதியும் இல்லை. கணவருக்கு லீவு கிடைக்காவிட்டால் தனியாகவும் போய்வரலாம்.

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். விமான நிலையத்தில் முத்திரை விழுந்ததும் அந்த விசாவே ஓராண்டுக்குத் தற்காலிக ஐ-551, அதாவது நிரந்தர வசிப்புக்கான சான்று, என்று விசாவின் கீழ்ப்பகுதியில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். நீங்கள் வந்திறங்கிய நாளிலிருந்து அந்த ஓராண்டு கணக்கு. அதுவரை அந்தப் பக்கமே உங்கள் கிரீன் கார்டு. முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

சிக்கல் வந்தால் பெரும்பாலும் ஊரிலிருந்து திரும்பும்போது, விமான கவுன்டரில்தான் வரும். அங்கிருப்பவர் பிளாஸ்டிக் கார்டையே பார்த்துப் பழகியவராக இருப்பார். ‘கார்டு எங்கே மேடம்?’ என்பார். பதற்றப்படாமல் அந்த வரியைக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்கான நேரத்தையும் சேர்த்து, கொஞ்சம் முன்னதாகவே போய்விடுவது நல்லது.

அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குக் குடியேற்றக் கட்டணத்தைக் கட்டிவிட்டீர்களா? கட்டினால்தான் கார்டு அச்சாகும். கட்டியிருந்தால், நீங்கள் ஊரில் இருக்கும்போதே கார்டு வந்துவிடலாம். தபால் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் பெயரையும் ஒட்டிவிட்டுப் போங்கள். பெயர் தெரியாத தபாலைத் திருப்பி அனுப்பிவிட்டால் அப்புறம் அலைச்சல். கார்டு வந்தாலும் கூரியரில் மதுரைக்கு வரவழைக்க வேண்டாம். தொலைந்துபோனால் யார் பொறுப்பு? முத்திரையிட்ட விசாவிலேயே திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கை: அம்மா பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலையைச் சுற்றி வைப்பார். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோய்ப்பூச்சி அதில் வரும் என்பதால் அமெரிக்காவில் அதற்குத் தடை. மறைத்துக் கொண்டுவந்தால் அபராதம் உண்டு.

சரி, பிரசவத்துக்கு வருவோம். இங்கேதான் நான் உங்களை நிறுத்துவேன். வெளியே தொடர்ந்து 180 நாளைத் தாண்டினால், திரும்பி வரும்போது புதிதாக அனுமதி கேட்பவர் போலவே சட்டம் உங்களை நடத்தலாம். ‘உங்கள் வீடு எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வி அப்போது எழும். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருக்கும். ஓராண்டை எட்டிவிட்டாலோ வெறும் கார்டு போதாது. ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது மறுநுழைவு அனுமதி வேண்டும். அதற்கு அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு நஷ்டமும் உண்டு. குடிமகனின் மனைவி என்ற முறையில் மூன்று ஆண்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே பயணமாக வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதிவிடுவார்கள். அறவில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

ஏழெட்டு மாதம் எதற்கு என்றும் யோசியுங்கள். ஏழாம் மாத வளைகாப்புக்குப் போய், பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனதும் கிளம்பினால் கணக்கு ஐந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். அந்த மாதத்தில் பறக்கலாமா என்பதை மருத்துவரும் விமான நிறுவனமும் சொல்ல வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன் உங்கள் கணவர் மொத்தம் ஐந்து ஆண்டு அமெரிக்காவில் இருந்திருந்து, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு அவரது 14 வயதுக்குப் பிறகு என்றால், மதுரையில் பிறந்தாலும் பிள்ளை அமெரிக்கக் குடிமகன்தான். அவர் எச்1பி வேலை விசாவில் இருந்த காலமும் அந்த ஐந்தில் சேரும். பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பதிந்து, பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். அதற்கும் சில வாரம் ஒதுக்குங்கள்.

இதையெல்லாம் திட்டமிடும்போது காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகும் முன்பே வந்ததால் உங்களுடையது கண்டிஷனல், அதாவது நிபந்தனைக்குட்பட்ட கார்டு, ஆயுள் இரண்டே ஆண்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நீங்களும் கணவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவம் அனுப்ப வேண்டும். நீங்கள் ஜூன் கடைசியில் வந்தவர், அதனால் கார்டு முடியும் ஆண்டின் மார்ச் கடைசியில் அந்தக் கதவு திறக்கும். முன்கூட்டி அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். அனுப்பத் தவறினால் அந்தஸ்தே போய்விடும். அனுப்பியதும் வரும் ரசீதுக் கடிதம் கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டிக்கிறது. காலாவதியான கார்டோடு அந்தக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். ஆகவே பிரசவப் பயணம் அந்த மார்ச்சில் போய் முட்டுமானால், படிவத்தை அனுப்பி, ரசீது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.