6 வருடக் கருப்புக் காரின் கீறல்களுக்கு வீட்டிலேயே வாட்டர் பேப்பர் போட்டு, பாலிஷ், வேக்ஸ் அடிக்கலாமா?

தன் காருக்கு இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன மூன்று குறைகளும் மூன்று வகை. வெயிலில் தெரியும் வட்ட வட்டமான மெல்லிய கோடுகள், பானெட்டில் போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை, ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு நீளக் கீறல். 2000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட மென்மை) வாங்கி வண்டி முழுக்கத் தேய்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கதவுக் கீறலுக்கு மட்டும் அது தேவைப்படலாம். மற்ற இரண்டுக்கும் தேவையே இல்லை.

கம்பெனி பெயிண்டில் தகட்டுக்கு மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்கு. எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 90 முதல் 130 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி. நிறத்தை வெயிலிலிருந்து காக்கும் புற ஊதாத் தடுப்பும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. 1500 எண் தாளில் தொடங்கி 2000, 3000 என்று போய், காம்பவுண்டில் (கீறலைத் தேய்த்தெடுக்கும் வீரியமான பாலிஷ்) பளபளப்பு வரவழைப்பதற்குள் 8–10 மைக்ரான் சுலபமாகப் போய்விடும். அன்று வண்டி கண்ணாடி போல மின்னும். பலவீனமான கிளியர் சில கோடை தாண்டியதும் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த கிளியருக்குப் பாலிஷ் கிடையாது. மறு பெயிண்ட்தான்.

அதனால் முதலில் அளவு. பெயிண்ட் தடிமன் மீட்டர் உள்ள டீட்டெய்லிங் (வண்டியைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும்) கடையில் கதவு, பானெட் என்று ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண மீட்டர் மொத்தத் தடிமனை மட்டுமே காட்டும், கிளியரைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது. 80 மைக்ரானை ஒட்டி வந்தால் அந்தப் பேனலில் ஏற்கெனவே யாரோ நன்றாக ரப்பிங் (காம்பவுண்ட் தேய்ப்பு) போட்டிருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். 200-க்கு மேல் என்றால் மறு பெயிண்ட் ஆன பேனல். 500, 1000 என்று ஏறினால் அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது.

கதவுக் கீறலில் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காமல், தண்ணீர் தெளித்ததும் கீறல் மறைந்தால் அது கிளியரின் மேல்பகுதியில் இருக்கிறது, எடுத்துவிடலாம். நகம் சிக்கினால் ஆழம் அதிகம். கீறலின் அடிவரை தேய்த்தால் கிளியரே மிஞ்சாது. அந்த நிலையில் விளிம்புகளை மட்டும் லேசாக மழுக்கிவிட்டு, மிச்சத்தை அப்படியே விடுவதுதான் என் யோசனை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் படாது.

உப்புத்தாள் போடுவது என்று முடிவானால் 2000-இல் தொடங்கி 3000-இல் முடியுங்கள். 1000, 1200 எல்லாம் மறு பெயிண்டில் தடியாக விழுந்த கிளியரைச் சமன் செய்ய பெயிண்டர் எடுப்பது. தாளைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள், அதில் இரண்டு சொட்டு கார் ஷாம்பு. வெறும் விரலால் தேய்த்தால் விரல் நுனி அழுத்திய இடத்தில் பள்ளம் விழும். மெத்தென்ற ஃபோம் கட்டையில் சுற்றி, ஒரே திசையில் நேர்க்கோடாகத் தேய்க்க வேண்டும், வட்டமாக அல்ல. 3000-க்கு மாறும்போது திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு மிச்சமிருந்தால் அப்போதுதான் தெரியும். கதவின் மடிப்புக் கோடுகளிலும் ஓரங்களிலும் கிளியர் இயல்பாகவே மெலிதாக இருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

வழியும் நீரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பால் போல வந்தால் அது கிளியர். கருப்பு சாயம் கலந்து வந்தால் பேஸ் கோட்டைத் தொட்டாயிற்று, அந்த நொடியே நிறுத்துங்கள். (கிளியர் இல்லாத பழைய ஒற்றை அடுக்கு பெயிண்டில் நிறம் இறங்குவது சகஜம், அங்கே பயப்பட வேண்டாம்.) பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரப்பர் வைப்பரால் நீரை வழித்துப் பாருங்கள். பரப்பு மங்கலாகவும், கீறல் மட்டும் பளபளக்கும் கோடாகவும் தெரியும். அந்தக் கோடு மெலிய மெலிய வேலை நடக்கிறது என்று பொருள். முழுதும் மறையும்வரை காத்திருக்காமல் சற்று முன்பே நிறுத்திவிடலாம், மிச்சத்தைக் காம்பவுண்ட் பார்த்துக்கொள்ளும். தாளுக்கடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், பன்றிவால் சுருள் போன்ற ஆழக் கோடுகள் விழும். ஆகவே வண்டியை முன்பே கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, கையால் தடவினால் சொரசொரப்பே இல்லாதபடி செய்துவிட்டுத்தான் தாளை எடுக்க வேண்டும்.

பானெட் தண்ணீர்க் கறைக்கு முதலில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஈரத்துணி போட்டு நன்றாகக் கழுவுங்கள். மேலே படிந்த உப்பு போய்விடும். அதற்கும் போகாத வட்டங்கள் கிளியரையே அரித்தவை, அவற்றுக்குத்தான் பாலிஷ்.

பாலிஷ் மெஷினில் புதியவர்கள் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பக்கம் போகாமல், சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் வகையை எடுங்கள். ரோட்டரி ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே ஓரத்தில் பெயிண்ட் எரியும். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் சீக்கிரம், சூடு பரவ வழியில்லை. மெஷினில் மாட்டும் ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு பாலிஷ், இரண்டடிக்கு இரண்டடி பரப்பு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, 4–5 வேகத்தில் மெதுவாக நகர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை. பேடு மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேடு சாய்ந்திருக்கிறது. மெஷின் வெறுமனே அதிர்கிறது, வெட்டவில்லை. காம்பவுண்டை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான், பேடு ஊறி வழுக்கும்.

வட்டக் கோடுகளுக்கு எடுத்த எடுப்பில் காம்பவுண்ட் வேண்டாம். மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்து ஓர் இடத்தில் மட்டும் முயலுங்கள். எண்பது சதவீதம் போனாலே அதே பேடும் பாலிஷும் வைத்து வண்டி முழுக்கப் போகலாம். கருப்பு வண்டியில் காம்பவுண்ட் போட்ட இடத்தில் எப்படியும் ஒரு மங்கல் புகை தெரியும், அதன்மேல் ஃபினிஷிங் பாலிஷ் கட்டாயம்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோடுகளை நிரப்பி ஏமாற்றும். தெருமுனையில் ரப்பிங் போட்ட வண்டியில் இரண்டு மூன்று வாஷில் கோடுகள் திரும்ப வருவது பெரும்பாலும் இதனால்தான். அவை போகவே இல்லை, மறைந்திருந்தன.

வேக்ஸ் எந்தக் கீறலையும் எடுக்காது, செய்த வேலையின் மேல் ஒரு காப்பு, அவ்வளவே. பிரேசில் பனை வகையின் இலையில் கிடைக்கும் கார்னாபா வேக்ஸ் கருப்புக்கு நல்ல ஆழம் கொடுக்கும், ஆனால் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் அதிகம். செயற்கை சீலன்ட் நாலைந்து மாதம் நிற்கும். அடிக்கடி பூச நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது சீலன்ட்தான். எதுவானாலும் நிழலில், தகடு ஆறியபின், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெலிதாக. விரலால் இழுத்தால் தடம் சுத்தமாக விழ வேண்டும், அப்போது துடையுங்கள். தடம் ஈரமாக இழுபட்டால் இன்னும் காயவில்லை. தடியாகப் பூசினால் காப்பு அதிகமாகாது, துடைக்கக் கைதான் வலிக்கும். புதிதாக மறு பெயிண்ட் ஆன பேனல் என்றால் ஒரு மாதமாவது வேக்ஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள், சொரசொரப்பில் வேக்ஸ் புகுந்து வெள்ளையாகக் காய்ந்தால் பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் நோண்டி எடுக்க வேண்டிவரும்.