எச்பிவி 16 வந்திட்டுது, எந்த வேரியன்ட்? – ஞாயிறு பின்னேரக் கேள்வி பதில்

வணக்கம். நான் டொக்டர் இல்லை, லாப்பில இருந்து வைரஸ்ட டிஎன்ஏவை வாசிக்கிற ஆள். வீடு திருகோணமலை உப்புவெளி. கர்ப்பப்பைக் கழுத்துக் கான்சர், அதை உண்டாக்கிற எச்பிவி எண்ட வைரஸ், அதுகளின்ர மரபணு விசயம் எண்டா கேளுங்கோ, ஆசையோட சொல்லுவன். மருந்து, ஒப்பரேசன் எண்டா உங்கட டொக்டரிட்டத்தான் போகவேணும். முதலே ஒண்டு: ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சுப் போடாதீங்கோ, பேரும் அடையாள அட்டை நம்பரும் அதில கிடக்கும்.

மூதூர் தங்கச்சி: அக்கா, எச்பிவி ஒரு வைரஸா பலதா? 16, 18 எண்டுறதுதான் வேரியன்டா?

இல்லை தங்கச்சி, இதிலதான் எல்லாரும் குழம்புறது. எச்பிவி 200க்கு மேல வகை இருக்கு. எல்1 எண்டு ஒரு ஜீன், வைரஸ்ட வெளிக்கூட்டைக் கட்டுறது, அது பத்து வீதமாவது வித்தியாசப்பட்டாத்தான் புது நம்பர் குடுப்பினம். மீனில பாரையும் கட்டாவும் மாதிரி எண்டு வையுங்கோவன், தூரத்துச் சொந்தம், ஆனா ஆள் வேற. வேரியன்ட் எண்டுறது 16க்கு உள்ளேயே வாற பிரிவு, முழு டிஎன்ஏவிலயும் ஒண்டில இருந்து பத்து வீதம் வரைக்கும் வித்தியாசம். 16க்கு ஏ, பி, சி, டி எண்டு நாலு பெரிய கிளை, அதுக்குள்ள ஏ1, ஏ2 எண்டு சின்னக் கிளையள். மொத்த டிஎன்ஏவே கிட்டத்தட்ட 7,900 எழுத்துத்தான், ஒரு வட்டம். இவ்வளவு சின்னச் சாமானுக்கு இந்த ஆட்டம்.

16ம் 18ம் சேர்ந்துதான் உலகத்தில இந்தக் கான்சரில 70 வீதமளவுக்குக் காரணம். ரெண்டையும் 1983, 84ல கண்டுபிடிச்ச ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல நோபல் குடுத்தவை.

பேர் வேண்டாம், 41 வயசு: எனக்கு 16 பொசிட்டிவ். எந்த வேரியன்ட் எண்டு எங்க பாக்கலாம்? நித்திரையே இல்லை.

அக்கா, முதல் நித்திரை கொள்ளுங்கோ. சாதாரண எச்பிவி டெஸ்ட் 16, 18ஐத் தனியாச் சொல்லும், மிச்ச ஆபத்தான வகையளை ஒரு கும்பலாச் சொல்லும், வேரியன்ட் சொல்லாது. அது ஆராய்ச்சிக்குப் பாக்கிறது, தெரிஞ்சாலும் உங்கட வைத்தியம் மாறாது. வைரஸ் ஒட்டினவைக்கு எல்லாம் கான்சர் வாறேல்ல, பெரும்பாலான ஆக்களுக்கு ஒண்டு ரெண்டு வருசத்தில உடம்பே கழுவி விட்டிடும். போகாமல் வருசக்கணக்கில நிண்டாத்தான் கவனம், கான்சரா மாறவே வழமையா 15, 20 வருசம் எடுக்கும். அதுக்காகச் சும்மா இருக்கச் சொல்லேல்ல, 16 எண்டா கொல்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பைக் கழுத்தைப் பெருப்பிச்சுப் பாக்கிற சோதனை, அதுக்கு அனுப்புவினம், அந்தத் திகதியை விடாதீங்கோ.

ஏ/எல் பயோ சேர்: நீங்கள் வேரியன்டை லேசா விடுறீங்கள். மியூட்டேசன், அதாவது டிஎன்ஏ எழுத்து மாற்றம், கூடக்கூட வைரஸ் மோசமாகும், கான்சரும் கூடும். கொரோனாவில கண்டதுதானே. இனி எச்பிவி தடுப்பூசியும் பலிக்காது.

சேர், இதுக்குத்தான் நான் காத்துக்கொண்டு இருந்தனான். கொரோனா ஆர்என்ஏ வைரஸ், தன்ர மெசினிலயே கொப்பி அடிக்கும், பிழை கூட. எச்பிவி எங்கட கலத்தின்ர டிஎன்ஏ மெசினைக் கடன் வாங்கிக் கொப்பி அடிக்கிறது, அது பிழை பாத்துத் திருத்துற மெசின், அதால எச்பிவி நத்தை வேகத்திலதான் மாறும். 16ன்ர கிளையள் பிரிஞ்சதெல்லாம் பல்லாயிரக்கணக்கான வருசக் கதை.

இப்ப கான்சருக்கு வாறன். வைரஸில ஈ6, ஈ7 எண்டு ரெண்டு ஜீன். ஈ6 எங்கட பி53ஐ அழிக்கும், ஈ7 ஆர்பியை. பழுதான கலத்தை மறிக்கிறதும் கண்டபடி பெருக விடாமல் பிடிக்கிறதும் இந்த ரெண்டு புரதமும்தான். 2017ல அமெரிக்க தேசிய கான்சர் நிறுவன ஆக்கள் 5,570 பேரிட்ட எடுத்த 16 வைரஸ்ட முழு டிஎன்ஏவையும் வாசிச்சவை. ஆளுக்கு ஆள் எழுத்து வேற, ஆயிரக்கணக்கில வித்தியாசம். ஆனா கான்சர் வந்த ஆக்களின்ர வைரஸில ஈ7 கிட்டத்தட்ட மாறாமல் கிடந்தது, ஈ7ல மாற்றம் இருந்ததெல்லாம் கூடுதலாக் கான்சர் வராத ஆக்களிட்ட. ஈ7 புரதம் வெறும் 98 அமினோ அமிலம் சேர், அதில கை வைச்ச வைரஸ்ட வேலை கெட்டுப்போச்சு. மாறினது இல்லை ஆபத்து, மாறாததுதான் ஆபத்து.

ஆறாம் வகுப்புப் பிள்ளையின்ர அம்மா, கிண்ணியா: மிஸ், வேரியன்ட் வேற எண்டா ஸ்கூல்ல போடுற ஊசி வேலை செய்யுமா?

செய்யும். ஊசியில இருக்கிறது எல்1 வெளிக்கூடு மட்டும், உள்ள வைரஸ்ட டிஎன்ஏ இல்லை. 16ன்ர கிளையளுக்கு வெளிக்கூட்டில பெரிய வித்தியாசம் இல்லாதபடியா ஊசியால உடம்பில உண்டாகிற ஒரே அன்டிபொடி எல்லாத்தையும் பிடிக்கும். இலங்கையில 2017ல இருந்து ஆறாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு இலவசமாப் போடினம், விடாதீங்கோ. உங்களுக்கு 35 தாண்டியிருந்தா சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பைக் கழுத்தில கலம் எடுத்துப் பாக்கிற சோதனை, செய்தனீங்களோ? பிள்ளையின்ர ஊசியைக் கேக்கிற அம்மாமார் தங்கட ஸ்மியரைக் கேக்கிறேல்ல.

பேர் இல்லை: பொசிட்டிவ் எண்டா மனுசன் எங்கயோ போய் வந்திருக்கிறார் எண்டுதானே?

இல்லை. அது எத்தனையோ வருசம் சத்தமில்லாமல் கிடக்கும், எப்ப, ஆரிட்ட இருந்து வந்தது எண்டு ஒரு லாப்பாலயும் சொல்ல ஏலாது. இதை வைச்சு வீட்டில சண்டை பிடிக்காதீங்கோ.

நிலாவெளி வள்ளக்காரன்: தங்கச்சி, பாரையும் கட்டாவும் ஒண்டில்லை. கட்டா வேற சாதி. செதில், வாய் எல்லாம் வேற. மீன் தெரியாட்டி மீனை இழுக்காதேங்கோ.

அண்ணை, அதைத்தானே நானும் சொன்னனான்! 16ம் 18ம் அப்பிடித்தான் வேற சாதி, ஒரே குடும்பம் மட்டும். வேரியன்டுக்கு வேணுமெண்டா உட்துறைமுகத்துப் பாரையும் வெளிக்கடல் பாரையும் எண்டு வையுங்கோ.

நிலாவெளி வள்ளக்காரன்: அதுவும் ஒரே பாரைதான்.

ஓம், அதுதான் வேரியன்ட்.

ஏ/எல் பயோ சேர்: மீனை விடுங்கோ. மியூட்டேசன் சேர்ந்துதான் கான்சர் எண்டு பாடப் புத்தகத்திலயே கிடக்குது.

அது எங்கட கலத்தின்ர மியூட்டேசன் சேர், வைரஸ்ட இல்லை. அதில நீங்கள் சரி. ஈ6ம் ஈ7ம் காவலை எடுத்துவிட, கலத்தில பிழை சேரும், அதிலதான் கான்சர். வேரியன்டே முக்கியமில்லை எண்டும் நான் சொல்லேல்ல. டி2, டி3 கிளையள் ஏ1ஐ விடக் கர்ப்பப்பைக் கழுத்தின்ர சுரப்பிக் கலத்தில வாற கான்சரைக் கூடுதலாக் கொண்டு வருது. நானே ஸ்கிரீனில கண்டிருக்கிறன், எழுத்துக்கு ஒரு நிற மேடு வரும், ஈ6ல 350ஆம் எழுத்து, தைமின் (T) நிக்கவேண்டிய இடத்தில குவானின் (G), அந்த ஒரு சின்ன மேடு மட்டும் நிறம் மாறி நிக்கும், அதால புரதத்தில லியூசின் எண்ட அமினோ அமிலம் போய் வலின் வரும். 178ல T போய் G எண்டா ஏசியக் கிளை, ஏ4. அதைப் பாக்க எனக்குப் பெரிய சந்தோசம், அந்த வைரஸ் இருக்கிற பொம்பிளைக்கு அதால ஒண்டும் இல்லை.

சாம்பல்தீவு: ஏசிய வேரியன்ட் எண்டா எங்கட ரத்தத்தில இருக்கிறதோ?

பேர் மட்டும்தான். முதல் எங்க கூடக் கண்டினமோ அந்த இடத்தின்ர பேரை வைச்சவை.

தம்பலகாமம்: அம்மாக்கு இந்தக் கான்சர். எனக்கும் வருமோ?

பரம்பரையா அப்பிடியே வாறேல்ல, வைரஸ் வேணும். ஸ்மியர் செய்யுங்கோ.

ஓர்ஸ் ஹில்: 16 பொசிட்டிவ், எந்த வேரியன்ட் எண்டு…

மேல ரெண்டாவது கேள்வி.

பேர் இல்லை: எனக்கும் 16, வேரியன்ட் எது எண்டு சொல்லுவீங்களோ? ரிப்போர்ட் படம் கீழ போட்டிருக்கிறன்.

ஐயோ தங்கச்சி, முதல் அந்தப் படத்தை எடுங்கோ.