அபராதம் கட்டி முடிந்த பழைய வழக்கைப் பதிவிலிருந்து நீக்க முடியுமா?

கேள்வி: 2017-இல், 19 வயதில், சென்னையில் பொது இடத்தில் தகராறு செய்ததாக மாநகரக் காவல் சட்டம் 75-ஆவது பிரிவில் என்மீது வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டேன். இப்போது மத்திய அரசு வேலை கிடைத்திருக்கிறது. அந்தப் பதிவையே எடுத்துத் தருவதாக இடைத்தரகர் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். வயது வந்த ஒருவரின் தண்டனைப் பதிவை, இத்தனை ஆண்டுகள் கழிந்ததும் அழித்துவிடலாம் என்று கூறும் பொதுச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 24-ஆவது பிரிவில் பதிவுகளை அழிக்க வழி செய்கிறது என்றாலும், அது சம்பவத்தன்று 18 வயது நிறையாதவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அபராதத்தோடு முடிந்த சிறு வழக்குகளுக்காவது அத்தகைய வழி எல்லா வயதினருக்கும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் இன்று அது இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் பொதுவாகக் கேட்க முடியாது. உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனு (கீழ் நீதிமன்றத்தின் உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்கக் கோரும் மனு) போடுவதற்கும் காலவரம்பு 90 நாள்தான். எனவே, வழக்கை முடித்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை முதலில் வாங்குங்கள். குற்றச்சாட்டை உங்களுக்கு விளக்காமலே ஒப்புதல் பதிவு செய்யப்பட்டதாக ஆவணத்தில் தெரிந்தால் மட்டுமே, தாமதத்தை மன்னிக்கும்படி கோரிச் சீராய்வுக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் வேலையைக் காப்பதும் கெடுப்பதும், பணியில் சேருமுன் நீங்கள் நிரப்பித் தரும் உறுதிமொழிப் படிவம்தான். கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா என்பவற்றோடு, அபராதம் விதிக்கப்பட்டதா என்றும் அது தனியே கேட்கும். "சின்ன வழக்குதானே, ஜெயிலுக்கா போனோம்" என்று நினைத்து அங்கே 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பிறகு காவல் சரிபார்ப்பில் அகப்படுபவர்கள், பழைய வழக்கினால் அல்ல, மறைத்த காரணத்தினாலேயே வேலையை இழக்கிறார்கள். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இளவயதில் நடந்த அற்பமான குற்றமாக இருந்தால், அதை மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் விருப்புரிமை பணி அளிப்பவருக்கு உண்டு. அதே சமயம், உண்மையைச் சொன்னவரையும் வேலையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும், 75-ஆவது பிரிவில் அபராதம் மட்டும் கட்டியவர் அதை மறைக்காமல் எழுதியிருக்கும்போது, அந்த ஒரே காரணத்தைக் காட்டி அவரை நிராகரித்தால், அந்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்த்து வாதிட நல்ல இடம் இருக்கிறது.

ஆகவே 'ஆம்' என்று எழுதி, வழக்கு எண், நீதிமன்றம், பிரிவு, அபராதத் தொகை, கட்டிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தீர்ப்பு நகலையும் அபராத ரசீதையும் இணைத்து, அதன்பின் உங்கள்மீது வேறு வழக்கு எதுவும் இல்லையென்றால் அதையும் ஒரு வரியில் சேர்த்துக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.