லினக்ஸில் காப்பி செய்தது காணாமல் போனால்: கேள்வி பதில்

கேள்வி: உபுண்டுவுக்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகிறது. விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் வி அழுத்தினால் முன்பு காப்பி செய்ததெல்லாம் வரிசையாக வரும். இங்கே அது இல்லையே, அண்ணா?

பதில்: உபுண்டுவில் வருவது க்னோம் என்ற டெஸ்க்டாப். அதில் அந்த வசதி கூடவே வராது. 'கிளிப்போர்டு இண்டிகேட்டர்' என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது க்னோமுக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரலை, போட்டுக்கொள்ளுங்கள். மேல் பட்டையில் சின்னதாக ஒரு குறி வரும். அதைத் தட்டினால் பட்டியல் விரியும், தேடவும் செய்யலாம். க்னோமின் புதிய பதிப்புக்கு மாறும்போது எக்ஸ்டென்ஷன் சில நாள் வேலை செய்யாமல் போகலாம். அதற்கேற்ற புதுப்பிப்பு வந்ததும் சரியாகிவிடும்.

கேள்வி: நான் பயன்படுத்துவது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப். எதை நிறுவுவது?

பதில்: எதுவும் வேண்டாம். காப்பி செய்தவற்றைச் சேர்த்துவைக்கும் கிளிப்பர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மெட்டா விசையுடன் (விண்டோஸ் விசைதான்) வி அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: உலாவியில் காப்பி செய்து, உலாவியை மூடிவிட்டு ஒட்டப் போனால் ஒன்றும் வரவில்லை. கணினியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. லினக்ஸில் நீங்கள் காப்பி கொடுத்தவுடன் அந்த எழுத்து ஒரு பொது இடத்துக்குப் போய்விடுவதில்லை. "என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்" என்று உலாவி அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஒட்டும்போதுதான் அது கைமாறுகிறது. உலாவியை மூடிவிட்டால் தருவதற்கு ஆளில்லை. கிளிப்பர், கிளிப்போர்டு இண்டிகேட்டர் போன்ற கிளிப்போர்டு மேனேஜர் உடனே ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்கிறது. பழைய காப்பிகளின் பட்டியல் வேண்டாம் என்பவர்களுக்கும் நான் இதைச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், மவுஸால் தேர்ந்தெடுத்ததை நடுப்பொத்தானால் ஒட்டுகிறோமே, அது தனிக் கிளிப்போர்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எல்லோரும் காப்பிக்யூ என்ற கிளிப்போர்டு மேனேஜரைச் சொல்கிறார்கள். என் க்னோமில் அது பாதி நேரம் எதையும் பிடிப்பதில்லை.

பதில்: அருமையான மென்பொருள்தான், படங்களையும் வைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் வேலண்டில், அதாவது திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையில், இருப்பீர்கள். பின்னணியில் ஓடும் செயலி கிளிப்போர்டைப் பார்ப்பதை வேலண்டு தடுக்கிறது, பாதுகாப்புக்காகத்தான். கேடிஇயிலும் ஸ்வே என்ற சாளர மேலாளரிலும் மேனேஜர்களுக்கென்று தனி வழி உண்டு. க்னோமில் எக்ஸ்டென்ஷனே நல்லது. அது க்னோம் ஷெல்லுக்குள்ளேயே ஓடுவதால் இந்தத் தடை இல்லை.

கேள்வி: பழைய மடிக்கணினி, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். எதைப் போடுவது?

பதில்: கிளிப்மேன். போதும்.

கேள்வி: கடவுச்சொல்லும் பட்டியலில் விழுமா?

பதில்: விழும். என் வங்கிக் கடவுச்சொல் அப்படிக் கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போயிருக்கிறேன். கிளிப்போர்டு இண்டிகேட்டர் பட்டியலைச் சாதாரணக் கோப்பாகவே வட்டில் எழுதுகிறது. கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ்எக்ஸ்சி, காப்பி செய்யும்போதே "இது ரகசியம்" என்று குறியிட்டு அனுப்பும். கிளிப்பர் அதை மதித்துப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடும். வேறு இடத்திலிருந்து எடுத்தால் முதலில் எக்ஸ்டென்ஷனில் எதுவும் பட்டியலில் சேராத பிரைவேட் மோடைப் போடுங்கள். மறந்துவிட்டால் அந்த வரியை உடனே நீக்குங்கள்.