சிடி எடுத்த பிறகும் எம்ஐபிஜி ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் 3 வயது மகளுக்கு சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் என்று பயாப்சியில் வந்திருக்கிறது. சிடி எடுத்தாயிற்று. இப்போது கதிரியக்க ஊசி போட்டு எம்ஐபிஜி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா டாக்டர்? வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது.

பதில்: அவசியம்தான் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். கட்டி எவ்வளவு பெரியது, பக்கத்து ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கிறதா என்பதெல்லாம் சிடியில் தெரிந்துவிடும். ஆனால் இந்த நோய் எலும்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போகக்கூடியது, போயிருக்கிறதா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். அதைத் தலை முதல் கால் வரை பார்க்கத்தான் இந்த ஸ்கேன். எம்ஐபிஜி என்பது உடம்பில் சுரக்கும் நார்அட்ரினலினைப் போன்ற ஒரு பொருள். நியூரோபிளாஸ்டோமா செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே சேர்த்து அனுப்பிய கதிரியக்க அயோடின் கேமராவில் தெரியும். இந்த நோயுள்ள சுமார் 10 குழந்தைகளில் 9 பேருக்குக் கட்டி இதை உள்ளே இழுக்கும், இழுக்காதவர்களுக்கு பெட் என்ற வேறு வகை ஸ்கேன் இருக்கிறது. கீமோ சில தவணை முடிந்ததும் மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள், அதற்கு முதல் படம் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறதே என்று கடையில் சளி சிரப் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பல சிரப்களில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், சிலவற்றில் சூடோஎபெட்ரின். இவை எம்ஐபிஜி செல்லுக்குள் போவதைத் தடுக்கும், நோய் இருந்தும் படம் சுத்தமாக வந்துவிடலாம். கொடுக்கும் எல்லா மருந்தையும், மூக்குச் சொட்டு உட்பட, ஸ்கேன் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டைக் காக்க அவர்கள் தரும் அயோடின் மருந்தை ஊசிக்கு முன்பே தொடங்கி, சொன்ன நாள்வரை விடாமல் கொடுங்கள்.

ஊசி ஒரு நாள், படம் பெரும்பாலும் மறுநாள். அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் தூக்க மருந்து தேவைப்படலாம், அப்படியென்றால் எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கதிரியக்கத்தைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் அளவைக் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடிதான் போடுவார்கள், இந்த நோயில் அதனால் கிடைக்கும் விவரம் மிகப் பெரியது. எந்த அயோடின் என்று கேளுங்கள். அயோடின்-123 என்றால் சுமார் 13 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அயோடின்-131 என்றால் அதற்கு 8 நாள் ஆகும், கைக்குழந்தையை எத்தனை நாள் தள்ளி வைப்பது என்பதும் அதைப் பொறுத்தது. பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும், நிறையத் தண்ணீர் கொடுங்கள். டயப்பர் மாற்றும்போது கையுறை போடுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அந்த வேலையை வேறு ஒருவர் செய்யட்டும்.