ஜிஎஸ்டி வசூல் புதிய உச்சம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. பிறகு சிறுதொழில் செய்பவர்கள் மட்டும் ஏன் எப்போதும் புலம்புகிறார்கள்?

புலம்புகிறவர்களில் ஒருவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் மாதச் சம்பளக்காரராக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இது வசவு அல்ல, என் மகளும் மாதச் சம்பளக்காரிதான்.

கோவை கணபதியில் பம்புகளுக்கு இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை என்னுடையது. மூன்று லேத், ஐந்து பேர். வார்ப்புகளை, உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரிக்காரரிடம் வாங்கிக்கொண்டிருந்தேன், பதினைந்து வருடப் பழக்கம். 2019 ஜனவரி முதல் மார்ச் வரை அவரிடம் 4,80,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தேன். பில்லில் 18 சதவீத வரி 86,400 ரூபாயைச் சேர்த்துப் போட்டார். மொத்தத்தையும் வங்கி மூலமாகவே கொடுத்தேன். அவர் அந்த மூன்று மாத வரியை அரசுக்குக் கட்டவில்லை. அது எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் ஜிஎஸ்டி வசூல் 32,172 கோடிக்கு விழுந்ததே, அந்த மாதத்தில் பூட்டியவர்தான், பிறகு பவுண்டரியைத் திறக்கவே இல்லை.

2023 டிசம்பரில் எனக்கு நோட்டீஸ் வந்தது. விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருந்தால்தான் வாங்கியவருக்கு இன்புட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்கும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆவது பிரிவு. பில்லையும் வங்கிக் கணக்கையும் காட்டினேன். விற்றவரிடம் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். அவருடைய கைப்பேசி எண்ணே வேறு யாரிடமோ இருக்கிறது. அழைத்தால் ஓர் அம்மாள் எடுத்து, தவறான எண் என்கிறார். வரி 86,400, அதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அபராதம் 10,000. எல்லாம் சேர்ந்து 1,74,000 ரூபாய்க்குமேல். மேல்முறையீடு செய்யலாம் என்றார் ஆடிட்டர். எனக்குச் சிறுவயதிலிருந்தே அரசாங்கக் காகிதம் என்றால் இரவில் தூக்கம் வராது. 2024 ஏப்ரலில் ஓவர்டிராஃப்ட்டில் எடுத்து ஒரே தவணையாகக் கட்டிவிட்டேன்.

மே 1ஆம் தேதி காலை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் கொட்டை எழுத்தில் ஒரு படம் போட்டான். ஏப்ரல் வசூல் 2.10 லட்சம் கோடி, வரலாற்றில் முதன்முறையாக 2 லட்சம் கோடியைத் தாண்டியது. கீழே கைதட்டும் பொம்மைகள். வட்டியையும் அபராதத்தையும் விடுங்கள். ஒரே சரக்குக்கு நான் இரண்டாவது முறை கட்டிய வரியும் அந்தக் கைதட்டலுக்குள் இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏப்ரல் வசூல் என்பது பெரும்பாலும் மார்ச் மாத விற்பனைக்கான வரி. ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் எல்லோரும் பில் போடும் மாதம் அது, ஆகவே ஊரடங்கு வந்த 2020ஐத் தவிர்த்தால் ஏப்ரல் உயரமாகத்தான் நிற்கும். 2025 ஏப்ரலில் 2.37 லட்சம் கோடி ஆனதும் அப்படித்தான். தலைப்பில் வரும் மொத்தத் தொகையில் இறக்குமதிச் சரக்குக்கான வரியும் உண்டு, ஏற்றுமதியாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் உண்டு. 2023-24இல் 20.18 லட்சம் கோடி, 2024-25இல் 22.08 லட்சம் கோடி, அதாவது 9.4 சதவீத உயர்வு. விலைவாசியையும் சேர்த்துப் பார்த்தால் நாட்டின் மொத்த உற்பத்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வளர்ந்தது. இரும்பு விலை ஏறினால், நான் ஓர் இம்பெல்லர்கூட அதிகம் கடையாமலேயே என் வரி ஏறிவிடும். ரூபாயில் அளந்தால் எதுவும் ஆண்டுதோறும் உச்சம்தான். என் வயதும் அப்படித்தான் சாதனை படைத்துக்கொண்டிருக்கிறது.

இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு வரி குறைந்தது. நவம்பர் வசூல் 1.70 லட்சம் கோடி, முந்தைய ஆண்டைவிட ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. உடனே வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதினார்கள். அது தீபாவளி மாத விற்பனைக்கான வரி. விற்பனை கூடியிருந்தாலும் விகிதம் குறைந்ததால் தொகை ஏறாமல் போகலாம். அந்தத் தலைப்பை நம்பாதவன் இந்தத் தலைப்பையும் நம்பக் கூடாது.

ஆக, உச்சம் என்பது எவ்வளவு வசூலானது என்பதைச் சொல்கிறது. எவன் எந்தப் பணத்தில் கட்டினான் என்பதைச் சொல்வதில்லை. நான் பில் போட்டால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும், வாங்கிய நிறுவனமோ மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும். 45 நாளுக்குள் தர வேண்டும் என்று சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது.

ஜிஎஸ்டியே கூடாது என்கிறான் இவன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள். இல்லை ஐயா. கேரள எல்லையில் வாளையார் சோதனைச் சாவடியில் லாரி மணிக்கணக்கில் நின்ற காலம் எனக்கு மறக்கவில்லை. 2017 ஜூலையில் அந்தத் தொல்லை ஒழிந்தபோது பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தவன் நான். கட்டாமல் ஏய்ப்பவர்களுக்கும் நான் பரிந்து பேசவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பணம் கட்டி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2024 ஜூன் 22இல் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், அதாவது மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த குழு, இந்த வகை பழைய ஆண்டு வழக்குகளில் வரியை மட்டும் கட்டினால் போதும், வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று பரிந்துரைத்தது. சட்டமும் வந்தது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தரப்படாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் என்னைப் போலவே நோட்டீஸ் வந்திருந்தது. அவர் அதை அலமாரியில் போட்டு வைத்திருந்தார். மறு ஆண்டு மார்ச்சில் வரியை மட்டும் கட்டி முடித்துவிட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. லேத் ஓட்ட ஆளே கிடைப்பதில்லை. ஐடிஐ முடித்த பையன் மூன்று மாதம் பழகிவிட்டு, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அங்கே வாரா வாரம் காசு. உறவினர் வீட்டு விசேஷங்களில் மட்டும் என்னை முதலாளி என்று கூப்பிடுகிறார்கள்.

சனிக்கிழமை 20ஆம் தேதி. நவம்பர் பில்களுக்கு வரி கட்ட வேண்டும். செப்டம்பரில் அனுப்பிய சரக்குக்கே இன்னும் பணம் வரவில்லை. வங்கி மூடுவதற்குள் போய் வருகிறேன்.